பட்டிக்கு அடியில்

பழைய வெஸ்பாவையோ சேத்தக்கையோ ஆசையாக வாங்கியவர் ஒரு மழைக்காலம் முடிந்ததும் தலையில் கைவைத்து உட்கார்ந்தால், சுற்றியிருப்பவர்கள் தீர்ப்புச் சொல்ல நேரம் எடுத்துக்கொள்வதில்லை. “பளபளன்னு இருந்ததும் விழுந்துட்டாரு.” “கூட ஒரு மெக்கானிக்கை அழைச்சிட்டுப் போயிருக்கணும்.” “சல்லிசாக் கெடைக்குதேன்னு போனா இப்படித்தான்.” மூன்று பேச்சிலும் குற்றவாளி ஒருவர்தான், காசு கொடுத்தவர். ஓட்டை விழுந்த தகட்டின் மேல் பட்டி பூசித் தேய்த்தவர், அதற்கு மேல் பெயின்ட் அடித்தவர், “ஃபுல் ரெஸ்டோர்டு சார், ஒரு ரூபா வேலை இல்லை” என்று சொல்லிப் பணத்தை எண்ணி வாங்கியவர் என யாரும் அந்தப் பேச்சில் வருவதே இல்லை.

ஸ்கூட்டர் பிரியர்கள் மத்தியில் இந்தத் தீர்ப்பு ஏறக்குறைய ஒரு பாடமாகவே ஆகிவிட்டது. புதிதாக வருகிறவருக்கு மூத்தவர்கள் சொல்லிக்கொடுப்பதும் இதைத்தான்: மனதை வைத்து வாங்காதே, விவரம் தெரிந்தவரைக் கூட்டிப்போ, விலை குறைவாக இருந்தால் சந்தேகப்படு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்றையும் ஒழுங்காகக் கடைப்பிடித்தவர்களும் ஏமாந்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஏன் என்று கேட்டால் பாடம் சொன்னவர்களிடம் பதில் இல்லை. இந்தச் சந்தையில் பழுது கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது; விலையோ கண்ணுக்குத் தெரிகிற இடத்துக்குத்தான் கிடைக்கிறது. வாங்குபவர் விழுவதற்கு அவருடைய மனதைக் காரணம் சொல்பவர்கள், இந்த இரண்டுக்கும் நடுவில் அவர் நிற்பதைக் கவனிப்பதில்லை.

முதலில் வண்டியைப் பார்க்க வேண்டும். வெஸ்பாவுக்கான காப்புரிமை விண்ணப்பத்தை இத்தாலியின் பியாஜியோ நிறுவனம் 1946 ஏப்ரல் 23 அன்று பதிவுசெய்தது. வடிவமைத்தவர் கொர்ராதினோ தஸ்கானியோ. விமானப் பொறியாளர், ஹெலிகாப்டர் ஆராய்ச்சியில் முன்னோடி, மோட்டார் சைக்கிளை விரும்பாதவர். பியாஜியோவும் அதுவரை விமானம் கட்டிய நிறுவனம். அதனால் மோட்டார் சைக்கிளுக்கு இருப்பது போன்ற குழாய்ச் சட்டகம் வெஸ்பாவுக்குக் கிடையாது. அழுத்தி வளைத்த எஃகுத் தகடே அதற்குத் தோலும் எலும்பும். விமானத்தின் இறங்கு சக்கரம் போல முன்சக்கரத்தை ஒரே பக்கத்துக் கை பிடித்திருக்கிறது. இன்ஜின் பின்சக்கரத்தின் பக்கவாட்டில் தொங்குகிறது. ஏறி உட்காருகிறவரின் எடை, பள்ளத்தில் விழும்போது வரும் அதிர்ச்சி, பிரேக் பிடிக்கும்போது வரும் இழுப்பு அத்தனையையும் தாங்குவது அந்த மெல்லிய தகட்டின் வளைவுகளும் மடிப்புகளும்தான்.

அடுத்த ஆண்டே போட்டிக்கு வந்த லாம்பிரெட்டாவின் கதை வேறு. அதைச் செய்த ஃபெர்டினாண்டோ இன்னொசென்டி எஃகுக் குழாய் வியாபாரத்தில் வளர்ந்தவர். அவருடைய ஸ்கூட்டருக்கு உள்ளே குழாய்ச் சட்டகம் உண்டு. மேலே இருக்கும் தகடுகள் போல்ட் போட்டு மாட்டியவை. லாம்பிரெட்டாவின் சைடு பேனலில் விரல் தடிமனுக்குப் பட்டி பூசியிருந்தால் அது அவலட்சணம், அவ்வளவுதான். கழற்றிப் போட்டுவிட்டு வேறு ஒன்றை மாட்டிக்கொள்ளலாம். அதே பட்டி வெஸ்பாவின் ஃபுட்போர்டில் இருந்தால், ஓட்டுகிறவர் எலும்பு இல்லாத இடத்தில் கால் வைத்திருக்கிறார் என்று பொருள்.

நம் ஊரில் ஓடியவற்றில் பெரும்பகுதி வெஸ்பா வம்சம். பியாஜியோவின் உரிமத்தில் ஸ்கூட்டர் செய்துவந்த பஜாஜ், 1971-இல் அந்த உரிமம் முடிந்ததும் 1972-இல் அதே அமைப்பில் சேத்தக்கைக் கொண்டுவந்தது. எண்பதுகளில் கான்பூரின் எல்.எம்.எல். பியாஜியோவோடு கைகோத்து வெஸ்பா செய்தது. அப்பா, அம்மா, நடுவில் ஒரு பிள்ளை, முன்னால் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இன்னொரு பிள்ளை எனக் குடும்பமே ஏறிப்போனது அந்தத் தகட்டின் மேல்தான். அந்த வண்டிகளுக்குத்தான் இன்று ‘விண்டேஜ்’ விலை.

இப்போது மெக்கானிக் விஷயத்துக்கு வரலாம். பழைய ஸ்கூட்டர் வாங்கப் போகிறவர் நம்பகமான மெக்கானிக்கை உடன் அழைத்துப்போவது வழக்கம். அவர் என்ன செய்வார்? கிக்கரை உதைப்பார். காதைச் சாய்த்துக் கேட்பார். சைலன்சர் புகையைப் பார்ப்பார், கியர் போட்டு ஒரு சுற்று ஓட்டிப்பார்ப்பார், கிளட்ச் வழுக்குகிறதா என்று சோதிப்பார். திரும்பி வந்து “இன்ஜின் கல்லு மாதிரி இருக்குண்ணே, தாராளமா எடுக்கலாம்” என்பார். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. தன் தொழிலுக்கு உட்பட்டதைச் சரியாகப் பார்த்துச் சரியாகவே சொல்லியிருக்கிறார்.

ஆனால் பழைய டூ-ஸ்ட்ரோக் ஸ்கூட்டரில் மிகச் சுலபமாகச் சரிசெய்யக்கூடிய பகுதி இன்ஜின்தான். பிஸ்டன் தேய்ந்தால் ரீபோர், கிராங்க் ஆடினால் லேத் பட்டறை, கார்புரேட்டர் அடைத்தால் ஒரு மணி நேர வேலை. சென்னையில் என்றால் ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் அலைந்தால் பாதிச் சாமான் கிடைத்துவிடும். உயிரைப் பாதிக்கிற பழுது தகட்டில் இருக்கிறது. தகட்டைப் படிக்கத் தெரிந்தவர் டிங்கர். வண்டி பார்க்க டிங்கரை அழைத்துப்போகிற வழக்கம் நம்மிடம் கிடையாது. “கூட ஒரு மெக்கானிக்கை அழைச்சிட்டுப் போயிருக்கணும்” என்று சொல்கிறவர்கள், ஏமாந்தவரை அதே குழிக்குள் இரண்டாம் முறை இறங்கச் சொல்கிறார்கள்.

அந்தக் குழி எப்படி இருக்கும் என்பதை அருகில் நின்று பார்த்தால்தான் விளங்கும். இப்படி வாங்கிய ஒரு வண்டி நேர்மையான பட்டறைக்கு வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஃபுட்போர்டின் ரப்பர் பட்டைகளைக் கழற்றிவிட்டு, பெயின்ட் கரைப்பானை ஊற்றுகிறார்கள். சில நிமிடங்களில் பளபளப்பு சுருங்கி, பால் ஆடை போல எழும்புகிறது. சுரண்டியால் வழித்தால் அடியில் தகடு வரவேண்டும். வருவது வெளிர்சாம்பல் நிறப் பட்டி. உளியை வைத்துத் தட்டினால் அது பிஸ்கட் துண்டுகளாக உடைந்து விழுகிறது. அதற்குக் கீழே வேறு நிறத்தில் இன்னொரு பட்டி, முந்தைய உரிமையாளர் காலத்தது. அதற்கும் கீழே, நாலு ரிவெட் அடித்த ஒரு தகரத் துண்டு. தகரத்தைப் பெயர்த்தால் செம்பழுப்பாகத் துரு பொலபொலவென்று கொட்டுகிறது. பிறகு பட்டறைத் தரை தெரிகிறது. வண்டியின் நடுவே கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. பிரேக் பெடல் அந்த இடத்துக்கு இரண்டு விரற்கடை தள்ளித்தான் இருக்கிறது.

ஓட்டை அங்கே விழுவது தற்செயல் இல்லை. ஃபுட்போர்டுக்கு அடியில் வலுவுக்காகக் குறுக்கே பற்றவைத்த பட்டைகள் உண்டு. ஸ்டாண்டும் அந்தப் பகுதியில்தான் மாட்டியிருக்கும். தகட்டுக்கும் பட்டைக்கும் இடையிலான இடுக்கில் சேறு ஏறும், மழைத்தண்ணீர் தங்கும், வெயில் அங்கே போகாது. தகடு உள்ளிருந்து அரிக்கிறது. மேலே பெயின்ட் கெடாமல் இருக்கும்போதே அடியில் பாதி உலோகம் போயிருக்கும். இரும்பு துருவாகும்போது கன அளவில் பெருக்கும். அதனால்தான் மூடிப் பூசிய பட்டி ஒன்றிரண்டு மழைக்காலத்துக்குப் பிறகு கொப்புளம் போட்டு எழும்புகிறது. விற்பனை நடக்கிற அன்று கொப்புளம் இருக்காது.

பட்டியே கூடாது என்றும் சொல்லிவிட முடியாது. நல்ல தகட்டின் மேல், சுத்தியல் தடத்தை மறைக்க மெல்லிய பூச்சாக இடுவது எல்லா நல்ல டிங்கர்களும் செய்கிற வேலை. உலோகம் இருக்கவேண்டிய இடத்தில் பட்டியை வைப்பதுதான் குற்றம்.

இரண்டாவது குற்றச்சாட்டு உணர்ச்சி. ‘ரோமன் ஹாலிடே’ படத்தில் வெஸ்பாவைப் பார்த்தவர்கள், அப்பாவின் சேத்தக்கை நினைத்து உருகுகிறவர்கள், மனதால் பார்த்துக் கண்ணைக் கோட்டைவிடுகிறார்கள் என்பது பரவலான கருத்து. இதைவிடத் தலைகீழான பேச்சு இருக்க முடியாது. அப்பாவின் வண்டியை நினைத்து வருகிறவருக்கு அந்த வண்டியின் ஒவ்வொரு கோணமும் தெரியும். சாய்த்துப் பிடித்து நிமிர்த்திக் கிக்கரை மிதித்தது தெரியும், லெக் ஷீல்டின் ஓரம் எப்படி மடிந்திருக்கும் என்று தெரியும், ஸ்டெப்னியின் இடம் தெரியும், பழைய வண்டியில் பெயின்ட் மங்கிக் கிடந்ததும் நினைவிருக்கும். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் தொழிற்சாலையிலிருந்து வந்த பெயின்ட் இன்றைய காரின் கண்ணாடிப் பளபளப்போடு இருந்ததே இல்லை. உணர்ச்சியோடு வருகிறவர் பழசைக் கேட்கிறார். சந்தை அவருக்கு நீட்டுவது புதுசு மாதிரி ஒன்றை. பழைய பெயின்டோடு கீறலும் துருப்புள்ளியுமாக ஒரு வண்டி கிடைத்தால் அதைத் தேடி வாங்கியிருப்பார். அப்படி ஒரு வண்டி தரகர் கைக்கு வந்ததும் முதலில் போகிற இடம் பெயின்ட் பட்டறை. சந்தைக்கு வருவதற்குள் அவர் தேடிய ஆதாரமெல்லாம் தேய்த்து அழிக்கப்பட்டிருக்கும்.

இதற்கு உலகம் அறிந்த உதாரணம் வியட்நாம். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் தென் வியட்நாமில் வெஸ்பாவும் லாம்பிரெட்டாவும் ஏராளமாக ஓடின. சைகோன் தெருக்களில் ஆளேற்றிச் சென்ற லாம்பிரெட்டா மூன்று சக்கர வண்டிக்கு ‘சே லாம்’ என்றே பெயர். 1975-க்குப் பிறகு உதிரிபாகங்கள் வருவது அரிதாகிப்போனது. அமெரிக்க வணிகத்தடை 1994 பிப்ரவரியில்தான் நீங்கியது. அந்த இடைக்காலத்தில் பட்டறைக்காரர்கள் கையில் கிடைத்ததை வைத்து வண்டிகளை ஓடவைத்தார்கள். ஒரு வண்டியின் முன்பாதியை இன்னொன்றின் பின்பாதியோடு பற்றவைத்தார்கள். பொருந்தாத ஃபோர்க்கை வெட்டி ஒட்டினார்கள். கிடைக்காத பாகத்தைத் தாங்களே வார்த்தார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப்போக வண்டி வேண்டும், பாகம் கிடையாது என்ற நிலையில் அது பெரிய கைத்திறன். மெதுவாகப் போகிற நகரத்துத் தெருவில், கோளாறு வந்தால் அதே பட்டறைக்குத் திரும்பிப்போகிற ஏற்பாட்டில், அந்த வேலைக்கு ஒரு நியாயமும் இருந்தது.

பிறகு வெளிநாட்டு வாங்குபவர்கள் வந்தார்கள். இரண்டாயிரத்தின் முதல் பத்தாண்டில் அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா என்று கப்பல் கப்பலாக வண்டிகள் போயின. இரட்டை வண்ணப் பெயின்ட், வெள்ளை விளிம்பு டயர், குரோம் பூச்சுக் கம்பிகள். அறுபதுகளின் சாதாரண மாடலை வெட்டித் திருத்தி ஐம்பதுகளின் அரிய மாடல் என்று காட்டியவையும் அவற்றில் இருந்தன. போய் இறங்கி, பெயின்டை உரித்துப் பார்த்தவர்கள் அதிர்ந்தார்கள். ஆங்கிலத்தில் அந்த நாட்டின் பெயரை வைத்தே ஒரு வசைச்சொல்லும் பிறந்தது.

அந்த வசை இரண்டு அநியாயங்களைச் செய்கிறது. பஞ்சகாலத்தில் வண்டிகளைக் காப்பாற்றிய ஒரு தலைமுறைக் கைவினைஞர்களை மொத்தமாக மோசடிக்காரர்கள் ஆக்குகிறது. அந்த வண்டிகளை வாங்கித் தன் நாட்டில் ‘முழுமையாக மீட்டமைத்தது’ என்று விளம்பரம் செய்து விற்ற இறக்குமதியாளரை மறைத்துவிடுகிறது. பட்டறைக்காரர் கொடுத்தது ஓடுகிற வண்டி. அதன் மேல் ‘அசல்’ என்ற சொல்லை ஏற்றி விலை வைத்தவர் வேறொருவர். கடலுக்கு அப்பால் இருந்து நாலு புகைப்படத்தைப் பார்த்து வாங்கியவருக்கு எந்த மெக்கானிக்கை அழைத்துப்போக முடியும்? புகைப்படம் காட்டுவது பெயின்டை மட்டும்தான்.

இந்தியாவும் இந்த விஷயத்தில் சுத்தம் இல்லை. 1950-களிலேயே பம்பாயில் ஏ.பி.ஐ. நிறுவனம் லாம்பிரெட்டாவை ஒருங்கிணைத்து விற்கத் தொடங்கியது. இன்னொசென்டி கைவிட்ட தொழிலின் எந்திரங்களை இந்திய அரசு வாங்கியதால் 1972-இல் லக்னோவில் ஸ்கூட்டர்ஸ் இந்தியா பிறந்தது. இத்தாலி மறந்த பிறகும் பல ஆண்டுகள் லாம்பிரெட்டா வம்சம் இங்கே ஓடியது. அந்தக் கையிருப்பிலிருந்து வெளிநாடு போன வண்டிகளில் சாதாரண 150 சிசி வண்டியைப் பெயின்ட் அடித்து அரிய விளையாட்டு மாடலாகக் காட்டியவையும் உண்டு. பழி எந்த நாட்டின் பெயரிலும் ஒட்டலாம். எங்கிருந்து போனாலும் விலையை ஏற்றியது பளபளப்பு ஒன்றுதான்.

மூன்றாவது குற்றச்சாட்டு, மலிவுக்கு ஆசைப்பட்டார்கள் என்பது. பட்டி பூசிய வண்டிகள் மலிவாக விற்றால் இந்தப் பேச்சுக்கு அர்த்தம் உண்டு. அவை மலிவாக விற்பதில்லை. நல்ல வேலை செய்த வண்டியும் கெட்ட வேலை செய்த வண்டியும் ஏறக்குறைய ஒரே விலைக்குத்தான் கேட்கப்படுகின்றன, ஏனென்றால் இரண்டும் வெளியே ஒரே மாதிரி இருக்கின்றன.

இதை 1970-லேயே ஜார்ஜ் அகெர்லோஃப் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் பழைய கார் சந்தையை வைத்து விளக்கினார். அமெரிக்கப் பேச்சுவழக்கில் கோளாறான பழைய காருக்கு ‘எலுமிச்சை’ என்று பெயர். விற்பவருக்குத் தெரிந்த தரம் வாங்குபவருக்குத் தெரியாதபோது, வாங்குபவர் நல்லதற்கும் கெட்டதற்கும் இடைப்பட்ட ஒரு விலையைத்தான் கொடுக்க முன்வருவார். அந்த விலை கெட்ட காருக்கு லாபம், நல்ல காருக்கு நட்டம். நல்ல காரை வைத்திருப்பவர் சந்தையை விட்டு விலகுகிறார். எலுமிச்சைகள் மிஞ்சுகின்றன. இந்தத் துறை ஆய்வுக்காக 2001-இல் அவர் இன்னும் இருவரோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அவருடைய விளக்கத்தில் முட்டாள் என்று யாரும் இல்லை. எல்லோரும் நியாயமாகக் கணக்குப் போடுகிறார்கள், அப்படியும் சந்தை கெட்டுப்போகிறது.

ஸ்கூட்டர் பட்டறையில் இந்தக் கணக்கு இன்னும் கொடுமையாக நடக்கிறது. நேர்மையான பட்டறை வண்டியை முழுதும் பிரிக்கும். பழைய பெயின்டை மணல்வீச்சில் எடுக்கும். மணல்வீச்சு கோயில் கல்லில் செய்த நாசத்தைப் பேசிப் பேசி, அந்தச் சொல்லே நமக்கு வேண்டாததாகிவிட்டது. துருப்பிடித்த தகட்டின் மேல், பக்குவமாகச் செய்தால், அது உண்மையை வெளியே கொண்டுவருகிற வேலை. எங்கெல்லாம் ஓட்டையோ அங்கெல்லாம் வெளிச்சம் தெரிந்துவிடும். அரித்த பகுதியை வெட்டி எடுத்து, புதுத் தகட்டை வளைத்து, பழைய புள்ளிவெல்டு இருந்த இடங்களைப் பார்த்துப் பற்றவைத்து, முன்சக்கரமும் பின்சக்கரமும் நேர்கோட்டில் நிற்கின்றனவா என்று அளந்து, உட்புறத்துக்கும் துருத்தடுப்பு அடித்து வெளியே வர வாரங்கள் ஆகும். பட்டிப் பட்டறைக்கு இரண்டு மூன்று நாள் போதும். இரண்டு வண்டியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால், பட்டி பூசியதுதான் வழவழப்பாக இருக்கும்! கையால் தட்டி நிமிர்த்திய தகட்டில் ஒளி விழும்போது மிக லேசான அலை தெரியலாம்; பட்டியைத் தேய்த்த இடம் கண்ணாடி போல இருக்கும்.

உழைத்த டிங்கருக்கு அவர் வேலையைக் காட்ட வழியில்லை. அதன் மேல் பெயின்ட் ஏறிய நிமிடத்தில் அது மறைந்துவிடுகிறது. விலை கிடைக்காத வேலையை எத்தனை நாள் ஒருவர் செய்வார்? வாங்குபவரை மட்டும் திட்டிக்கொண்டிருக்கிறவர்கள் இந்த மனிதரைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை என்பதுதான் மிகவும் வருத்தமாக இருக்கிறது.

‘ரெஸ்டோர்டு’ என்ற சொல்லையும் கேள்வி கேட்க வேண்டும். ரீபோர் செய்தது என்றால் என்ன செய்தார்கள் என்று எவருக்கும் தெரியும். ‘ரெஸ்டோர்டு’ என்றால் பெயின்ட் அடித்ததா, தகடு மாற்றியதா, சீட் கவர் தைத்ததா? இதைத் தமிழில் ‘புதுப்பித்தது’ என்று சொல்லிப் பழகியதால் குழப்பம் கூடிவிட்டது. ஆர்.சி. புத்தகத்தைப் புதுப்பிப்பதும் புதுப்பிப்பு, ஸ்கூட்டரைப் பிரித்துக் கட்டுவதும் புதுப்பிப்பு. சொந்தப் பயன்பாட்டு வண்டியின் பதிவு 15 ஆண்டுக்குப் பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கப்படுகிறது. அந்தப் பதிவைக் காட்டி “ஆர்.டி.ஓ.வே பார்த்து ஓகே சொன்ன வண்டி” என்று விற்கிறவர்கள் உண்டு. பெயின்டை உரித்துப் பார்ப்பது எந்த ஆய்வாளரின் வேலையும் இல்லை.

கார் உலகம் இதை ஓரளவு யோசித்திருக்கிறது. பழமையான வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவா, வரலாற்றுக் கட்டடங்களுக்கான 1964 வெனிஸ் சாசனத்தின் வழியில் டூரின் சாசனம் என்று ஒன்றை 2012-இல் ஏற்றது. பாதுகாப்பதும் மீட்டமைப்பதும் வேறு வேறு என்கிறது அது. செய்த வேலையை ஆவணப்படுத்தச் சொல்கிறது. நம் மத்திய அரசு 2021 ஜூலையில் கொண்டுவந்த விண்டேஜ் வாகன விதியும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது: ஐம்பது ஆண்டு கடந்த, அசல் வடிவில் உள்ள, சேசிஸ், உடல், இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்படாத இருசக்கர, நான்குசக்கர வண்டிக்குத்தான் ‘வி.ஏ.’ எழுத்துள்ள தனிப் பதிவு. அந்த வரையறையைக் கையில் வைத்துக்கொண்டு சந்தைக்குள் நடந்தால், விண்டேஜ் என்று கூவி விற்கப்படுவதில் எத்தனை தேறும்?

“அந்தக் காலத்து இரும்பு சார், இப்ப வர்ற பிளாஸ்டிக் மாதிரியா?” என்பது இன்னொரு நம்பிக்கை. வாங்குபவர் விழுவதில் இதற்கு நிச்சயம் பங்கு உண்டு. ஆனால் அதை உருவாக்கியது வாங்குபவர் இல்லை. ஊரே சேர்ந்து சொல்லிச் சொல்லி உருவாக்கியது. எஃகு பிளாஸ்டிக்கைவிட உறுதி என்பது சரி. துருப்பிடிக்கிற குணம் அந்தக் காலத்து எஃகுக்கும் உண்டு. உள்மடிப்புகளில் துருத்தடுப்பு சரியாகப் போகாத தகடு, கடற்காற்று வீசும் ஊரில் ஐம்பது ஐப்பசி மழையைப் பார்த்த பிறகு என்னவாக இருக்கும் என்பதைத் தகட்டைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பிறந்த வருடத்தை வைத்துச் சொல்ல முடியாது.

அப்படியானால் வாங்குபவருக்குப் பொறுப்பே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் எவ்வளவு என்பதை 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் நம் திண்ணைத் தீர்ப்பைவிட நியாயமாக அளந்திருக்கிறது. ஓர் உண்மையை அறிந்திருந்தும் அதை முனைந்து மறைப்பது மோசடி என்கிறது அதன் 17-ஆம் பிரிவு. சாதாரண கவனத்தோடு பார்த்திருந்தால் தெரிந்திருக்குமே என்று விற்பவர் தப்பிக்க 19-ஆம் பிரிவில் ஒரு வாசல் உண்டு. அந்த விதிவிலக்கு பேசுவது தவறான தகவலையும் மோசடியான மௌனத்தையும் பற்றி. மூடி மறைத்ததை அது குறிப்பிடவில்லை. ஓட்டைக்கு மேல் தகரம் வைத்து, தகரத்துக்கு மேல் பட்டி பூசி, பட்டிக்கு மேல் பெயின்ட் அடிப்பதை மௌனம் என்று யார் சொல்வார்? “நீ ஏன் பார்க்கவில்லை?” என்று வாங்கியவரைக் கேட்பதற்கு முன்னால், “நீ ஏன் மூடினாய்?” என்று இன்னொருவரைக் கேட்டிருக்க வேண்டும்.

அந்த இன்னொருவர் யார் என்று கண்டுபிடிப்பதுதான் கடினம். விற்ற தரகர் “நானே இப்படித்தான் வாங்கினேன்” என்பார். அவருக்கு விற்றவரும் அதையே சொல்வார். பட்டி பூசிய பையன் முதலாளி சொன்னதைச் செய்தவன். மூன்று கை மாறிய பிறகு ‘தெரிந்தே’ என்பதை எந்த நீதிமன்றத்தில் நிரூபிப்பது? வண்டியின் விலையைவிட வழக்குச் செலவு கூடிவிடும். கடைசியில் வண்டி யார் வீட்டு வாசலில் நிற்கிறதோ அவர் தலையில் பழியும் வந்து நிற்கிறது.

இதை மாற்ற முடியும். பட்டறைகள் பெயின்ட் அடிப்பதற்கு முன், வெறும் உலோகமாக நிற்கும் வண்டியைப் புகைப்படம் எடுத்துவைக்க வேண்டும்: ஃபுட்போர்டின் அடிப்பக்கம், ஸ்டாண்ட் மாட்டும் இடம், ஃபோர்க், சேசிஸ் எண் பொறித்த இடம். கைபேசி இல்லாத பட்டறை இன்று கிடையாது. அந்தப் படங்களைக் கேட்காமல் ‘ரெஸ்டோர்டு’ விலையைக் கொடுப்பதில்லை என்று ஸ்கூட்டர் கிளப்புகள் தங்கள் உறுப்பினர்களிடையே முடிவெடுத்தாலே, வாரக்கணக்கில் உழைக்கிற டிங்கரின் வேலைக்கு முதல்முறையாக ஒரு சாட்சி கிடைக்கும்.

படம் இல்லாத வண்டிக்கும் வழி உண்டு. மெல்லிய துணியில் சுற்றிய சிறு காந்தம் ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம். ஃபுட்போர்டிலும் லெக் ஷீல்டின் கீழ்ப்பகுதியிலும் அது ஒட்டாமல் வழுக்குகிற இடத்தில் தடித்த பட்டி இருக்கிறது. சீட்டையும் பெட்ரோல் டாங்கையும் கழற்றச் சொல்லலாம். வெளியே எவ்வளவு தேய்த்தாலும் உள்பக்கத்தைத் தேய்க்கிறவர் குறைவு; வெல்டின் தடம், சுத்தியல் அடி, பழைய வண்ணம் எல்லாம் அந்த வாயிலிருந்து டார்ச் அடித்தால் தெரியும். டாங்க் கழன்ற பிறகு, அந்தக் காலத்தில் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்த வண்டியைச் சாய்த்தது போல இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் சாய்த்து, கோணிப்பையின் மேல் படுக்கவைத்து, அடிவயிற்றைப் பார்க்கலாம். குறுக்குப் பட்டைகளின் ஓரத்தில் வரிசையாகப் புள்ளிவெல்டுகள் தெரிகின்றனவா, அல்லது தார் போலக் கறுப்பாக எதையாவது அப்பி மூடியிருக்கிறார்களா?

இந்த வேலைக்கு ஒரு மணி நேரம் ஆகும். நல்ல வேலை செய்த பட்டறைக்காரர் ஸ்பேனரைத் தானே எடுத்துவந்து தருவார், வெட்டி ஒட்டிய இடத்தை விரல் வைத்துக் காட்டுவார், எந்த இடத்தில் எவ்வளவு பட்டி இட்டேன் என்றும் சொல்வார். மற்றவர், “இன்னொரு பார்ட்டி சாயங்காலம் வர்றாங்க சார், வேணுமா வேணாமான்னு இப்பவே சொல்லிடுங்க” என்பார்.